குஷன் வீசி அணைத்த தீ

லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்ட் ஹவுஸ் என்று ஒரு மாளிகை இருக்கிறது. 1611-ல் கட்டி முடித்தது. 1880-களில் அதன் சொந்தக்காரர் சாலிஸ்பரி பிரபு. பின்னாளில் மூன்று முறை இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர். அரசியல்வாதிதான். ஆனால் கொஞ்சம் விஞ்ஞானக் கிறுக்கு பிடித்த அரசியல்வாதி. வீட்டிலேயே சோதனைச்சாலை வைத்திருந்தார்.

ஊரெல்லாம் மெழுகுவர்த்தியும் கேஸ் விளக்கும் எரிந்துகொண்டிருந்த காலத்தில், மனிதர் தன் மாளிகைக்கு மின்சார விளக்கு போட்டார். ஒயர் இழுத்தார்கள். மேலே பிளாஸ்டிக் உறையெல்லாம் கிடையாது. அம்மணமான செப்புக் கம்பி. அதை அப்படியே மர வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் ஓட்டியிருந்தார்கள்.

ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் நீளமான கூடத்துக்குள் நுழைகிறார்கள். அண்ணாந்து பார்த்தால், கூரையை ஒட்டிய மரப்பலகை தீப்பிடித்து எரிகிறது. கம்பி சூடேறிப்போய் மரத்தைப் பற்றவைத்துவிட்டது. நல்லவேளையாக அன்றைக்கு வந்தவர்கள் வேட்டைக்கு வந்த கோஷ்டி. இளவட்டங்கள் அதிகம். என்ன செய்தார்கள் தெரியுமா? சோபாவில் கிடந்த குஷன்களை எடுத்தார்கள். குறி பார்த்து வீசினார்கள். தீ அணைந்தது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவேண்டிய அவசியமே வரவில்லை.

பிரபுவின் மகள், அப்பாவைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கொஞ்சம் கிண்டலாகவேதான்.

படிக்க சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மாளிகையில், 1881 டிசம்பரில், தோட்ட வேலை பார்த்த ஒரு தொழிலாளி அதே மாதிரி கம்பியைத் தொட்டு செத்துப்போனார். இங்கிலாந்தில் மின்சாரம் பலிவாங்கிய முதல் ஆட்களில் ஒருவர். அவருக்கு வீச குஷன் எதுவும் இல்லை.

நான் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போயிருந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்தால் கையில் சுருக்கென்று ஒரு இழுப்பு. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். பதறுவார் என்று எதிர்பார்த்தேன். ம்ஹும்.

'அது ரொம்ப நாளா அப்படித்தான் சார் இருக்கு. செருப்பு போட்டுக்கிட்டுக் குளிங்க, ஒண்ணும் ஆகாது.'

அவருக்கு ரப்பர் செருப்பு. பிரபு வீட்டில் குஷன். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. மனுஷ சுபாவம் மட்டும் ஒன்றுதான். ஆபத்து பழகிவிட்டால் அது ஆபத்தாகவே தெரியாது.

அப்படிப் பழக மறுத்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். யார் அவர்கள்? அரசாங்கமா? விஞ்ஞானிகளா?

இன்ஷூரன்ஸ்காரர்கள்!

நான் பி.காம். படித்தவன். ஆகவே இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யோசித்துப் பாருங்கள். மாளிகை எரிந்தால் பணம் கொடுக்கவேண்டியவன் யார்? இன்ஷூரன்ஸ் கம்பெனி. மில் எரிந்தால்? அதே கம்பெனி. ஒயரைப் போட்டவன் கூலியை வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பான். எனவே, 'உன் கட்டடத்துக்கு பாலிசி வேண்டுமா? முதலில் என் ஆள் வந்து ஒயரிங்கைப் பார்ப்பான்' என்று நிபந்தனை போட ஆரம்பித்தார்கள். லண்டனில் ஃபீனிக்ஸ் என்ற தீக்காப்பு நிறுவனத்தின் இன்ஜினீயர் மஸ்கிரேவ் ஹீஃபி, 1882-ல் இதற்கென்றே விதிமுறைகள் எழுதினார்.

அதே 1882-ல் தந்தி மற்றும் மின் பொறியாளர்களின் சங்கமும் ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. மின்விளக்கால் தீப்பிடிக்காமல் தடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். சில பக்கங்களே கொண்ட சின்னப் பிரசுரம். இன்றைக்கு இங்கிலாந்து எலெக்ட்ரீஷியன்களுக்கு வேதப்புத்தகமாக இருக்கும் ஒயரிங் விதிகளுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா. 2018-ல் வந்தது 18-வது பதிப்பு. கனமான புத்தகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

அந்த முதல் பிரசுரத்தின் முன்னுரையிலேயே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மின்சாரத்தின் பிரச்னைகள் உள்ளே ஒளிந்திருப்பவை. கண்ணுக்குத் தெரியாதவை. கரன்ட்டை உள்ளே அனுப்பி சோதித்துப் பார்த்தால்தான் பிடிபடும். இதுதான் சாரம். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இந்த உண்மை மட்டும் மாறவே இல்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1893-ல் சிகாகோவில் பிரம்மாண்டமான உலகக் கண்காட்சி. ராத்திரியைப் பகலாக்கும் அளவுக்கு மின்விளக்குகள். அத்தனையும் அவசரமாக எழுப்பிய தற்காலிகக் கட்டடங்களில். தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. பாஸ்டனிலிருந்து வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளைஞரை வரவழைத்தார்கள். தொழில், மின் பரிசோதகர். வயது இருபதுகளின் நடுவில். கண்காட்சி முடிந்த பிறகும் அவர் அங்கேயே தங்கி, 1894-ல் ஒரு சின்ன சோதனைக்கூடம் ஆரம்பித்தார். உபகரணங்களின் மதிப்பு வெறும் 350 டாலர் என்பார்கள். அதுதான் வளர்ந்து 'அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்' ஆனது. உங்கள் வீட்டு சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் 'யூ.எல்.' என்று இருந்தால், அது மெரிலின் வாரிசு.

சரி, சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எப்படிச் சோதிப்பது?

ஆரம்பத்தில் அது பெரிய அவஸ்தை. பேட்டரி வேண்டும், நுட்பமான முள் கொண்ட அளவுமானி வேண்டும். ஆய்வகத்தில் மேஜைமேல் வைத்துப் பார்க்கவேண்டிய சமாசாரங்களை ஏணியும் தூசியும் உள்ள கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். 1889-ல் சிட்னி எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கையால் சுற்றினால் மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் ஒரு மரப்பெட்டியில். எதிர்ப்பைக் காட்டும் மீட்டர் இன்னொரு பெட்டியில். பிறகு இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. 1903-ல் அதற்கு ஒரு வணிகப் பெயரைப் பதிவு செய்தார்கள்.

மெக்கர்.

நம்மூர் ஒயர்மேன்கள் 'மெக்கர் போட்டுப் பாத்துடலாம்' என்று சொல்வார்களே, அதே மெக்கர்தான். ஜெராக்ஸ் மாதிரி, பிராண்டின் பெயரே வேலையின் பெயராகிவிட்டது.

அது என்ன செய்கிறது? வீட்டில் தண்ணீர்க் குழாய் போட்டதும் பிளம்பர் என்ன செய்வார்? எல்லாக் குழாயையும் மூடிவிட்டு உள்ளே அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார். எங்காவது கசிந்தால் அழுத்தம் குறையும். மெக்கரும் அதைத்தான் செய்கிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மெயினை அணைத்துவிட்டு, ஒயருக்குள் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும். உறை நன்றாக இருந்தால் எதுவும் கசியாது. பழுது இருந்தால் ரீடிங் விழுந்துவிடும். குறைந்தபட்சம் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம், இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்து விதி. நல்ல ஒயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? கருவியை மாட்டு, பட்டனை அழுத்து, நம்பரை எழுது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பட்டனை அழுத்துவது வேலையில் ஒரு துளி. மீதியெல்லாம் அழுத்துவதற்கு முன்னால் இருக்கிறது.

ஒரு பரிசோதகர் இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். எரிந்த தடம் உண்டா, உடைந்த பிளக் பாயின்ட் உண்டா, குளியலறையில் இருக்கக்கூடாதது எதுவும் இருக்கிறதா. பிறகு மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். அணைத்தாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு அணைத்த இடத்தில். பிறகு மறுபடியும் கரன்ட் இருக்கும் இடத்தில். ஏன் மறுபடியும்? நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? தொழிலில் பழுத்தவர்கள் இந்த மூன்று படிகளில் ஒன்றைக்கூட விடமாட்டார்கள்.

அடுத்து மெக்கர். அதற்கு முன்னால் பல்புகளைக் கழற்றவேண்டும், டி.வி., ஃப்ரிட்ஜ், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கவேண்டும். 500 வோல்ட் உள்ளே போனால் சில மின்னணுச் சாதனங்கள் தாங்காது. பீரோவுக்குப் பின்னால் ஒரு பாயின்ட் இருக்கும். பீரோவை நகர்த்த வீட்டுக்காரருக்கு இஷ்டம் இருக்காது. ஒரு அறை பூட்டியிருக்கும். குழந்தை தூங்கும். 'கம்ப்யூட்டரை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க, முக்கியமான வேலை' என்பார் ஒருவர். 1950-களுக்கு முந்தைய ரப்பர் உறை ஒயராக இருந்தால் இன்னொரு சங்கடம். பழைய ரப்பர் காய்ந்து அப்பளமாகியிருக்கும். சோதிக்கவேண்டும் என்று லேசாக வளைத்தாலே உதிரும். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு, பரிசோதகர் வந்து போன பிறகு எரியாது. பழி யார்மேல் வரும்? சொல்லவேண்டுமா?

எர்த் ஒயர் ஒவ்வொரு பாயின்ட்வரை அறுபடாமல் போகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு மின்சாரத்தை மறுபடி கொடுத்து, பழுது வந்தால் ஃபியூஸ் உடனே போகுமா என்று அளக்கவேண்டும். கசிவைக் கண்டு நிறுத்தும் கருவி, நம் ஊரில் ஈ.எல்.சி.பி. என்று சொல்கிறோமே, அது 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் எழுதவேண்டும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் படிவத்தில் ஒரு டஜனுக்கு மேல் கட்டங்கள்.

இப்போது காமர்ஸ்காரனின் கணக்கு. ஒரு சர்க்யூட்டை ஒழுங்காகப் பார்க்க அரை மணி நேரம் என்று வையுங்கள். 8 மணி நேரத்தில் 16. பயணம், எழுத்து வேலை, வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டு எல்லாம் போக 12 மிஞ்சினால் பெரிய விஷயம்.

முதலாளி சொல்கிறார். 'எனக்கு ஒரு நாளைக்கு 40 வேணும்ப்பா. சர்க்யூட்டுக்கு இவ்வளவுன்னு காசு.'

8 மணி நேரம் என்பது 480 நிமிடம். 40 சர்க்யூட், தலைக்கு 12 கட்டம் என்றால் 480 கட்டம். நிமிடத்துக்கு ஒரு கட்டம்! மூச்சுவிடாமல், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல், டீ குடிக்காமல். மனுஷனால் முடியாது. ஆனால் பேனாவால் முடியும்.

அதுதான் நடக்கிறது. சோதிக்காமலே எழுதுவது. இந்த மாதிரி பரிசோதனைக்கு இங்கிலாந்துத் தொழிலில் ஒரு பட்டப்பெயரே உண்டு. காரை விட்டு இறங்காமல், ஓட்டிக்கொண்டே போய் செய்த சோதனை என்று கேலி செய்வார்கள்.

கண்டுபிடிக்க முடியாதா? முடியும், ஓரளவுக்கு. ஆடிட்டர் மாதிரிதான். உண்மையான ரீடிங் ஒழுங்காக இருக்காது. ஒயர் நீளமான சர்க்யூட்டில் கூடும், குட்டையில் குறையும். பத்து சர்க்யூட்டிலும் ஒரே நம்பர் இருந்தால் சந்தேகப்படலாம். தவிர, வெளியிலிருந்து வரும் லைனின் எதிர்ப்பையும் வீட்டுக்குள் ஓடும் ஒயரின் எதிர்ப்பையும் கூட்டினால், கடைசி பாயின்ட்டில் அளந்த மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக வரவேண்டும். டிரையல் பேலன்ஸ்!

ஆனால் பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. பொய்க் கணக்கும் அழகாக டேலி ஆகும். கூட்டல் தெரிந்த எலெக்ட்ரீஷியன் வீட்டுக்குள் காலே வைக்காமல் அந்த மூன்று நம்பரையும் எழுதிவிடலாம்.

எழுதினால் என்ன ஆகும்?

2007 டிசம்பர். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு ஊர். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு. சுவர்ப் பலகையை முடுக்கும்போது ஒரு ஸ்க்ரூ, உள்ளே ஓடிய ஒயரைத் துளைத்திருந்தது. வெளியே பார்த்தால் வழவழவென்று பெயின்ட் அடித்த சுவர். உள்ளே எமன். ஒருநாள் வீட்டில் தண்ணீர் கசிந்தது. அதைக் கவனிக்கப் போன இளம் தாய் மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

விசாரித்தார்கள். அந்த வீட்டுக்கு மின் சோதனைச் சான்று இருந்தது. ரீடிங்குகள் இருந்தன. ஆனால் சோதனையைச் செய்தவர் அதற்கான தகுதி பெறாத உதவியாளர். அந்த நம்பர்கள் நம்பத்தகுந்தவை அல்ல என்பதும் தெரியவந்தது. ஒழுங்காகச் சோதித்திருந்தால் பழுது பிடிபட்டிருக்கும். 2013-ல் ஒப்பந்த நிறுவனத்துக்கும், மேற்பார்வை செய்திருக்கவேண்டியவருக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது.

1882-ல் எழுதியதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கும், சோதித்தால்தான் தெரியும். ஒரே ஒரு ஸ்க்ரூ. ஒழுங்காக ஒரு மெக்கர் சோதனை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்து அரசு 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது. வாடகைக்கு விடும் வீடுகளை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியானவரை வைத்துச் சோதிக்கவேண்டும். தவறினால் 30,000 பவுண்டு வரை அபராதம் என்றார்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருக்கும் வீடுகளுக்குக் கெடு 2021 ஏப்ரல் 1. நல்ல சட்டம். ஆனால் ஒரு சட்டம் ஒரே ராத்திரியில் பரிசோதகர்களைப் பெற்றுப்போடாது. வேலை மலையாகக் குவிந்தால், அதை அடி விலைக்கு முடித்துத் தர யாராவது வருவார்கள். சோதனைக்குக் குறைந்த கட்டணம், பழுதுபார்ப்பதில் லாபம் என்று கணக்குப் போடுகிறவர்களும் வருவார்கள். ஒருவன் இருக்கும் பழுதை எழுதமாட்டான். இன்னொருவன் இல்லாத பழுதை எழுதுவான். இருவருக்கும் காரணம் ஒன்றுதான். நேர்மையாகச் செலவிடும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1910 மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 1956 விதிகளே, நுகர்வோரின் இணைப்புகளை 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்கச் சொல்லியிருந்தன. உங்கள் வீட்டுக்கு அப்படி யாராவது வந்தது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

என் குளியலறைக் கதையை முடிக்கவில்லையே. செருப்பு போட்டுக் குளிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தெருக்கோடியில் இருந்த வயசான ஒயர்மேன் ஒருவரைக் கூட்டிவந்தேன். வந்தவர் மெயினை அணைத்தார். ஒவ்வொரு போர்டாகக் கழற்றினார். அரை நாள் கரன்ட் இல்லை. வீட்டில் மின்விசிறி இல்லாமல் ஆளாளுக்கு என்னை முறைத்தார்கள். கடைசியில் கண்டுபிடித்தார். கெய்ஸருக்கான எர்த் ஒயர் சுவிட்ச் போர்டு வரைக்கும் வந்து, எதிலும் இணைக்கப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கெய்ஸருக்குள் கசிவு. குழாய் வழியாக என் கைக்கு.

'யாரோ அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்கான் தம்பி' என்றார் பெரியவர். 'முடுக்கினா ரெண்டு நிமிஷ வேலை. தேடுறதுக்குத்தான் அரை நாள்.'

வீட்டுக்காரர் கூலியைக் கேட்டதும் அலுத்துக்கொண்டார். ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவா என்றார்.

நாம் எல்லோருமே அந்த வீட்டுக்காரர்தான். முடுக்குவதற்குக் காசு கொடுப்போம். தேடுவதற்குக் கொடுக்கமாட்டோம். தேடுகிறவனை அவசரப்படுத்தினால் அவன் தேடமாட்டான், எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்தக் காகிதம்தான் இந்தக் காலத்துக் குஷன். ஹாட்ஃபீல்ட் மாளிகையில் வீசிய குஷனாவது தீயை அணைத்தது. இது தீ இருப்பதையே மறைத்துவிடுகிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து, 'சார், பாதி நாள் கரன்ட் இருக்காது, பீரோவை எல்லாம் நகர்த்தணும்' என்று சொன்னால் கோபப்படாதீர்கள். டீ போட்டுக் கொடுங்கள்.

கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு 'எல்லாம் ஓகே சார்' என்று கிளம்புகிறவரிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.